தறி போன வீட்டில்

பள்ளியில் சேர்த்தபோது ‘தாய்மொழி’ கட்டத்தில் தமிழ் என்றே எழுதச் சொன்னார் அப்பா. யாரும் வற்புறுத்தவில்லை. "எதுக்கு வீண் கேள்வி" என்றாராம். தஞ்சாவூர் பக்கத்து அய்யம்பேட்டையில் பட்டு நெசவாளர் தெரு எங்களுடையது. வீட்டுக்குள், முன்னோர் குஜராத் பக்கமிருந்து கொண்டுவந்த சௌராஷ்டிர மொழி, வாசற்படி தாண்டினால் தமிழ்.

எங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுப் பெயர் உண்டு. எங்கள் தாத்தா காலத்தில் அது இனிஷியலாகச் சுருங்கியது. எனக்கு அந்த ஓர் எழுத்தும் இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்து மட்டும்தான். டி.எம்.சௌந்தரராஜனின் ‘டி’ என்பது தொகுளுவா என்ற வீட்டுப் பெயர் என்றால் அலுவலகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. தமிழ் உச்சரிப்பு என்றால் அவரைத்தானே காட்டுகிறார்கள், அவருக்கா வேறு மொழி என்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் "உங்க தமிழ் சுத்தமா இருக்கே" என்று என்னிடமே வியக்கும்போது எரிச்சல் வருகிறது. நேற்றா வந்தோம்? தியாகராஜரிடம் திருவையாற்றில் சீடராயிருந்து, அவர் கீர்த்தனைகளை எழுதிக் காத்த வெங்கடரமண பாகவதர் எங்கள் ஊரில் வாழ்ந்தவர், எங்கள் ஆள். (1781இல் பிறந்தவர். வாலாஜாபேட்டைக்குக் குடிபோனதால் பெயரோடு அந்த ஊர் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.)

பள்ளிக்கூடம்தான் மொழியைத் தின்றது என்பார்கள். நான் ஒப்ப மாட்டேன். நானும் தமிழில்தான் படித்தேன், மொழி போகவில்லை. தறி போனபோதுதான் போயிற்று. அப்பா குழித்தறியில் இருப்பார், அம்மா பக்கத்தில் ஊடைநூலைத் தார் சுற்றுவாள், பாவு நூல் பிணைக்கப் பெரியப்பா வருவார். இழை அறுந்தால் வசவு, கூலி பாக்கிக்குப் புலம்பல், யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே வரன் என்ற வம்பு, எல்லாம் நாள் முழுக்க அந்த மொழியில் ஓடும். பிள்ளைகள் நாங்கள் காதில் வாங்கியே கற்றோம், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கூலி கட்டுப்படியாகாமல் தறியைப் பிரித்து விற்றோம். அண்ணன் திருப்பூர் போனான், எனக்குக் கும்பகோணத்தில் வேலை. மொழிக்கு மிஞ்சியது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். அப்புறம் அதையும் டிவி சீரியல் எடுத்துக்கொண்டது.

மக்கள்தொகைக் கணக்கில் சௌராஷ்டிரம் பேசுவோர் 2001இல் 1,85,420, 2011இல் 2,47,702. ஏறியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் பிள்ளையை எந்த மொழியில் திட்டுகிறீர்கள் என்று கணக்கெடுப்பவர் கேட்பதில்லையே. எங்கள் எழுத்துக்கு 2008இல், கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடில் இடம் கிடைத்தது. சொந்த எழுத்தா, தேவநாகரியா, தமிழெழுத்தே போதுமா என்ற சண்டை மட்டும் ஓயவில்லை. சண்டை போடுகிறவர்களும் வாட்ஸ்அப்பில் தமிழெழுத்தில்தான் தட்டுகிறார்கள், நான் உட்பட.

2023 ஏப்ரலில் குஜராத்தில் சௌராஷ்டிர தமிழ்ச் சங்கமம் நடந்தபோது சித்தப்பா சோமநாதம் போய்வந்தார். பூர்விக பூமி என்று ஒரு மாதம் முன்பிருந்தே பூரிப்பு. திரும்பியதும் ஆவலாகக் கேட்டேன், நம் பேச்சு அங்கே புரிந்ததா என்று.

"அங்கொண்ணு இங்கொண்ணு புரிஞ்சுது. கடைக்காரன் என்னை மராட்டிக்காரன்னு நினைச்சுட்டான். அதை விடு, மூணு வேளையும் இனிப்பு போட்ட பருப்புதான். நல்ல சாம்பாருக்கு அலைஞ்சு போயிட்டேன்."

இதை அவர் சௌராஷ்டிரத்தில்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த அவர் பேரனுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.