ஜிப்சி எஞ்சின், கடை காலி செய்யும் மாதம்

ஜூன் 3, செவ்வாய்

ஜிப்சிக்கு கனெக்டிங் ராடு வந்துவிட்டது, பிஸ்டனை கிராங்க்கோடு இணைப்பது. நான்கு ராடு, எட்டு போல்ட், ஒரு சின்ன மசகு டப்பா. பீரோவில் வைத்துப் பூட்டினேன். கட்டிடக்காரர் மறுபடி போன் செய்தார். எடுக்கவில்லை.

ஜூன் 4, புதன்

பெட்டிக்குள் இருந்த தாளில் இரண்டு எண்கள் போட்டிருக்கிறார்கள். டார்க், அதாவது ரெஞ்சைத் திருப்பும் பலம், 45 பவுண்டு அடி. நீட்சி, அதாவது இறுக்கும்போது போல்ட் நீள வேண்டிய அளவு, 0.0055 முதல் 0.0060 அங்குலம். பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானேண்ணா? ரெஞ்ச்ல 45 வெச்சுட்டாப் போச்சு" என்றான். அவனிடம் டீ வாங்கிவரச் சொன்னேன், பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி சாயங்காலம் வரை கூடவே வந்தது.

ஒன்று இல்லை. ரெஞ்சை நாம் திருப்பும் பலத்தில் ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில் உரசலில் போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரையில் தீர்ந்துவிடும். போல்ட்டை நிஜமாக இழுக்க மிஞ்சுவது 10 சதவீதம் அளவுதான். உரசல் 90-லிருந்து 85-க்கு இறங்கினால் மிச்சம் 10 அல்ல, 15. ரெஞ்ச் அதே 45-ஐத்தான் காட்டும், போல்ட்டோ ஒன்றரை மடங்கு இழுபட்டிருக்கும். எஞ்சின் ஆயில் போட்டால் ஒரு டார்க், அந்த டப்பா மசகு போட்டால் வேறு டார்க் என்று போல்ட் செய்யும் ஏ.ஆர்.பி. கம்பெனிக்காரர்கள் கேட்டலாக்கில் தனித்தனியாகப் போடுவது இதனால்தான். நீட்சியில் இந்த வம்பு கிடையாது. போல்ட் எவ்வளவு நீண்டதோ அவ்வளவுதான் அதன் பிடி.

பையனுக்கு இதை நாளைக்குச் சொல்லணும்.

ஜூன் 5

சொல்லவில்லை. நாள் முழுக்க பழைய இரும்பு எடை போட்டே போய்விட்டது.

ஜூன் 6, வெள்ளி

வாத்தியார் வந்திருந்தார். கடை காலியாவதைப் பார்க்கத்தான் வந்தார், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக பெஞ்சுக்கு வந்து ராடைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "நல்ல சரக்கு கண்ணு."

நீட்சியை அளக்கும் கேஜ் இரவல் கேட்டிருக்கிறேன் என்றதும் சிரித்தார். "நாப்பது வருசம் அம்பாசிடர் எஞ்சின் கட்டுனேன். பாக்ஸ் ஸ்பேனரு, அதைத் திருப்ப ஒரு முழங்கை நீட்டுக்கு கம்பி. இறுகுறது கைக்குத் தெரியும். லாக் வாசரை மடக்கி உடுவேன். ஒண்ணாவது ராடை வெளிய தள்ளுச்சான்னு கேளு."

தள்ளவில்லைதான். அவர் கட்டியதை நானே ஓட்டியிருக்கிறேன். எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. "இல்லீங்க வாத்தியாரே, இது நிமிசத்துக்கு 7,500 சுத்தணும்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த அம்பாசிடர் 4,200-ஐத் தொட்டாலே பெரிசு. பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும்போது அது ராடைப் பிய்த்துக்கொண்டு மேலே போகப் பார்க்கும். அமுக்கும்போதும் வெடிக்கும்போதும் மேலே இருக்கும் அழுத்தம் பிஸ்டனைத் தாங்கிக்கொள்ளும். புகை வெளியேறி முடியும் நேரத்தில் மேலே எதுவும் இல்லை, முழு இழுப்பும் ராடின் அடி வாயை மூடும் கேப்பைப் பிடித்திருக்கும் அந்த இரண்டு போல்ட்டின் மேல்தான். அந்த இழுப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தால்கூட 4,200-க்கும் 7,500-க்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். போல்ட்டின் பிடி அந்த இழுப்பைவிடக் கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் வரும் ஆட்டம் போல்ட்டுக்குப் பெரிதாகத் தெரியாது. குறைந்தால் கேப் ஒரு மயிரிழை விலகும், மூடும், விலகும். போல்ட் களைத்துப்போய் ஒருநாள் ஒடியும். ராடு வெளியே பாயும், பிளாக்கில் ஜன்னல்தான்.

வாத்தியார் கை சரிதான். அந்த வேகத்துக்குச் சரி.

போகும்போது, புது இடத்தில் பெஞ்சு ஜன்னல் ஓரமாக வருமா என்று கேட்டார்.

ஜூன் 7

தூறல். லேத் இறக்க ஆள் வரவில்லை.

ஜூன் 9, திங்கள்

தூக்கம் இல்லை. டிகிரி முறை ஞாபகத்துக்கு வந்தது. கேஜ் கிடைக்காமல் போனால்?

கம்பெனிக்காரர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். முதலில் கொஞ்சம் டார்க், அப்புறம் இத்தனை டிகிரி. நட் எவ்வளவு உரசினாலும் மரையின் சாய்வு மாறாது, எனவே கோணம் பொய் சொல்வது குறைவு. ஆனால் அந்தக் கோணத்தை அவர்கள் சும்மா எழுதவில்லை. அதே போல்ட், அதே ராடு, அதே கேப் என்று வைத்து சோதனை செய்து கண்டுபிடித்த எண் அது. பல புது எஞ்சின்களில் போல்ட்டை மீளும் எல்லையைத் தாண்டியே இழுத்து வைக்கிறார்கள், கழற்றினால் தூக்கிப்போட வேண்டியதுதான். என் தாளில் கோணமே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3/8 போல்ட், அங்குலத்துக்கு 24 மரை. ஒரு சுற்றுக்கு 0.0417. 60 டிகிரிக்கு 0.0069. ஆகா, கிட்ட வந்துவிட்டதே என்று எழுந்து உட்கார்ந்தேன். இல்லை. அந்த 0.0069-இல் போல்ட் நீள்வது ஒரு பங்கு, கேப்பும் ராடும் அமுங்குவது ஒரு பங்கு. யார் எவ்வளவு என்று இந்தக் கணக்கு சொல்லாது. எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பது என்பது அடுத்த தலைவலி.

பெஞ்சில் கேஜ் வைத்து இழுக்கும்போது கோணத்தையும் குறித்து வைத்துக்கொண்டால், அது என் எண். இந்த ராடுக்கு மட்டும்.

மணி மூன்று. நாய் குரைக்கிறது.

ஜூன் 10

வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஹால்ல ரெண்டு சிலிண்டர் ஹெட்டு கெடக்குது. இனி ஒரு நட்டு கூட உள்ள வரக்கூடாதுங்க."

ஜூன் 12, வியாழன்

கேஜ் வந்தது! சி வடிவ வளையம், ஒரு பக்கம் டயல், இரண்டு பக்கமும் ஊசிமுனை. போல்ட்டின் இரண்டு நுனியிலும் அதற்கென்றே குழி போட்டிருக்கிறார்கள்.

முதலில் எட்டு போல்ட்டின் இயல்பான நீளத்தையும் அளந்து நோட்டில் எழுதினேன். அடுத்த முறை பிரிக்கும்போது 0.001 அங்குலம் கூடியிருந்தால் குப்பைக்கு. பையன் போல்ட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நின்றான். கீழே வைடா என்றேன். முறைத்தான். சொன்னால் நம்பவில்லை, அளந்து காட்டினேன்: கைச்சூட்டில் முள் நகர்ந்தது. பத்து டிகிரி சூட்டுக்கு இந்த போல்ட் சுமார் 0.0002 நீளும். நாம் தேடுவதே அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு. அப்புறம்தான் உட்கார்ந்து உரசல் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

ராடை வைஸில் செப்புத் தகடு வைத்துப் பிடித்து ஒவ்வொன்றாக. பெரும்பாலும் 43, 44, 46-இல் நீட்சி 0.0057 வந்தது. இரண்டாவது ராடில் ஒன்று மட்டும் 52 தாண்டியும் 0.0050-ஐத் தொடவில்லை. கழற்றினேன். கேப்பில் போல்ட் தலை உட்காரும் இடத்தில் ஒரு நுண்ணிய பிசிறு. நகத்தில் தட்டுப்பட்டது. எண்ணெய்க்கல்லால் தேய்த்து, கழுவி, மசகு போட்டு மறுபடி: 45-க்கு 0.0056.

ரெஞ்சை மட்டும் நம்பி 45-இல் க்ளிக் என்றதும் அடுத்த போல்ட்டுக்குப் போயிருந்தால்? பையன் எதுவும் கேட்கவில்லை, நோட்டில் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டான்.

ஜூன் 13

துளையைத் தேய்த்து வட்டமாக்கும் ஹோனிங் கடையில் சண்டை. பிக் எண்டு துளையை, அதாவது ராடின் கிராங்க் பக்கத்துப் பெரிய துளையை, அளக்க கேப்பை ஏர் கன்னால் டர்ர்ர் என்று இறுக்குகிறார்கள். "எல்லா வண்டிக்கும் இப்படித்தானுங்க." போல்ட் எவ்வளவு இழுக்கிறதோ அதற்கேற்ப துளையின் வட்டமே மாறும். நான் எஞ்சினில் வைக்கப்போகும் இழுப்பிலேயே அளக்க வேண்டும், அரைக்க வேண்டும். இல்லையென்றால் அவர்கள் மைக்ரான் கணக்கில் காட்டும் வட்டம் வேறு எந்த ராடுக்கோ. கடைசியில் அவர்கள் வைஸில் நானே கேஜ் வைத்து இறுக்கிக் கொடுத்தேன். எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். கோபத்தில் டீகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

புது இடத்தில் த்ரீ பேஸ் இன்னும் வரவில்லை. ஜிப்சிக்காரர் "எப்பங்க?" என்று மட்டும் கேட்டு போனை வைத்துவிட்டார். கேஜ்காரரும் கேட்கிறார், நாளைக்குத் திருப்பித் தரணுமாம்.

ஜூன் 16, திங்கள்

பிளாக்கைத் தலைகீழாக ஸ்டாண்டில் மாட்டி ஆரம்பித்தோம். அந்த ராடு வரும் கிராங்க் பின்னை கடைக்கோடிக்குக் கொண்டுவந்தால்தான் கேஜ் வளையம் நுழைகிறது. ஒன்று, இரண்டு, மூன்று முடிந்தது. எல்லாம் 0.0056, 0.0057.

நான்காவதில் உள்பக்க போல்ட்டுக்கு வளையம் பிளாக் சுவரில் இடிக்கிறது. அதற்குத்தான் பெஞ்சில் குறித்த கோணம். 20 பவுண்டு அடியிலிருந்து எண்ணிய டிகிரி நோட்டில் இருக்கிறது, அதையே வைத்தேன். மனசு ஒப்பவில்லை. டார்க்கையும் கூடவே பார்த்தேன், 44.

வெளிப்பக்க போல்ட் 0.0052-இல் நிற்கிறது. ரெஞ்ச் 45 காட்டுகிறது. கழற்றச் சொல்லிவிட்டேன். பையன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், வாசலில் லேத்துக்கு லாரி