ஆள் பிடிக்காமல் எழுதிய கடிதம்

எங்கள் பக்கத்தில் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் முதலில் ஆளைத் தேடுவார்கள். "அவரோட படிச்ச ஒருத்தர் கல்முனையில இருக்கார்", "அவர்ட மச்சானை வாப்பாவுக்குத் தெரியும்" என்று தொடங்கும். கேட்க வேண்டிய கேள்வி நாலு வாய் மாறி, போய்ச் சேரும்போது வேறொன்றாகிவிடும். பெரிய ஆட்களிடம் நேராகவே எழுதிக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது.

இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் எங்கள் வீட்டில் தறி ஓடுகிறது. நூலுக்குச் சாயம் போடுவது என் பொறுப்பு. சிவப்பு மட்டும் கழுவக் கழுவ இறங்கிக்கொண்டே இருந்தது. சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட சாரம் (லுங்கி) என்றால், முதல் கழுவலிலேயே கோடு ரோஸ் நிறமாகிவிடும். ஓடர் தந்த கடை ஒரு கட்டைத் திருப்பியே அனுப்பியது. சாயம் விற்பவர் "உப்பைக் கூட்டுங்க" என்றார். கூட்டியும் சரிவரவில்லை.

மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து அதில் ஒரு சிட்டம் (சுற்றிய கட்டு) நூலைத் தோய்த்தேன். கிணற்றுத் தண்ணீரில் இன்னொன்று. சாயம், உப்பு, சோடா எல்லாம் ஒரே அளவு. கழுவியதும் அதே தண்ணீரில்தான். மழைத் தண்ணீரில் தோய்த்த நூலிலிருந்து சாயம் குறைவாகத்தான் இறங்கியது. அந்த இரண்டு சிட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் துணிச் சாயம் படிப்பிக்கும் ஒரு பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். முகவரி பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே இருந்தது. உம்மாவுக்குத்தான் மனசில்லை. "அவ்வளவு படிச்ச மனிசனுக்கு நம்மட சாயத்தைப் பத்தியா எழுதுற?" என்றா.

எளிய ஆங்கிலத்தில் சில வரிகள்தான். கைத்தறிக் குடும்பம், பருத்தி நூல், ரியாக்டிவ் சாயம். இது கிணற்று நீர், இது மழை நீர், படம் இணைத்திருக்கிறேன். வித்தியாசத்துக்குக் காரணம் தண்ணீரா, நான் கழுவும் விதமா? அவ்வளவுதான். அவரைப் புகழவும் இல்லை, எங்கள் கஷ்டத்தைச் சொல்லவும் இல்லை. வாசித்து முடிக்க ஒரு நிமிடம் போதும், பதில் எழுத இன்னும் ஐந்து நிமிடம். வேலை மிகுந்த ஒருவரிடம் அதற்கு மேல் கேட்கக் கூடாது.

பதில் வந்தது. "இரண்டும்தான்" என்று தொடங்கியிருந்தார். இந்தச் சாயம் சோடா சேர்ந்ததும் பருத்தியைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஒரு பங்கு நூலைப் பிடிக்காமல் தண்ணீரோடேயே சேர்ந்து வீணாகி, நூலுக்குள் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். உப்பு போகும்வரை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு கொதிநிலைக்குக் கிட்டிய சூட்டில் சோப்புப் போட்டுக் கழுவினால்தான் அது வெளியே வரும். கிணற்று நீரில் உள்ள கல்சியமும் மக்னீசியமும் அந்த மிச்சச் சாயத்தைத் திரளவைத்து வெளியேற விடாமல் செய்கின்றன. உப்பை அள்ளிப் போடுவது இதற்கு மருந்தே இல்லை!

இப்போது கடைசிச் சூட்டுக் கழுவலுக்கு மட்டும் மழைத் தண்ணீரைப் பீப்பாவில் சேர்த்து வைக்கிறோம். ஈரச் சிவப்பு நூலை வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தி, துணி வெள்ளையாகவே இருந்த படத்தை அவருக்கு அனுப்பினேன். யோசனை கேட்கிறவர்கள் நிறைய, அதைச் செய்து பார்த்து என்ன நடந்தது என்று திரும்பி வந்து சொல்கிறவர்கள் குறைவு. அந்தப் படத்துக்குப் பிறகு அவரே எங்கள் நூல் எங்கிருந்து வருகிறது, எந்தப் பாத்திரத்தில் தோய்க்கிறோம் என்று கேட்டு எழுதினார். எந்த மச்சானைப் பிடித்திருந்தாலும் இது கிடைத்திருக்காது.

1913 ஜனவரியில் கணித மேதை இராமானுஜன் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியபோது சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தார். தன் வேலை, சம்பளம், படிப்பு பற்றிச் சில வரிகள். பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். அனுபவம் இல்லாதவன், நீங்கள் தரும் யோசனையை மிகவும் மதிப்பேன் என்றும் எழுதியிருந்தார். ஹார்டியை அசைத்தது அந்தத் தேற்றங்கள்தான். ஹார்டிக்கு எழுதுமுன் வேறு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்களுக்கும் இராமானுஜன் எழுதியிருந்தார்; அவர்களிடம் ஆதரவு கிடைக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி ஒலுவில் கம்பஸில் படிக்கிறார். கொழும்பில் மென்பொருள் கம்பெனி நடத்தும் ஒருவருக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார். "எனக்கு வழிகாட்டுங்கள் சேர்" என்று இருந்தது. எந்த வழியை, எங்கே போவதற்கு? அந்த மனிதர் பாவம், என்னத்தைச் சொல்வார்? தம்பி கல்முனை–மட்டக்களப்பு பஸ் நேரங்களைப் போனில் காட்ட ஒரு செயலி செய்திருக்கிறார். சிக்னல் இல்லாத இடத்தில் அது நின்றுவிடுகிறது. அதை எழுதுங்கள், எப்படியெல்லாம் சரிசெய்யப் பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள் என்றேன். இரண்டு பேரும் இருந்து திருத்தி அனுப்பினோம். இன்னும் பதில் இல்லை. நோன்புப் பெருநாள் கழிந்ததும் இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல் போடுவோம். அதற்கும் இல்லையென்றால் அதே கேள்வியோடு வேறொருவருக்கு எழுதுவோம். பெயரும் பார்த்து வைத்தாயிற்று.