ரப்பர்ல நிக்குற வண்டிக்கு ஏது எர்த்து?

பிரேக்கைப் பிடித்தால் நாலு இண்டிகேட்டரும் லேசாகக் கண் விழிக்கும். இண்டிகேட்டரைப் போட்டால் ஹார்ன் சளி பிடித்த சேவல் மாதிரி முனகும். ஐடிலில் நிற்கும்போது ஹெட்லைட்டில் வருவது நெய்விளக்கு வெளிச்சம். ஆக்சிலேட்டரைத் திருகினால் கல்யாண வீட்டு ஃபோகஸ் லைட்டு, அதுவும் நாலு நாளைக்குத்தான். அப்புறம் பல்பு போய்விடும். கல்லிடைக்குறிச்சி அத்தான் தலையில் கட்டிய பழைய டூவீலரோடு ஒரு மாதமாக இப்படித்தான் குடித்தனம் நடந்தது.

அத்தானைக் குறை சொல்லக்கூடாது. "ஒயரிங்ல மட்டும் சின்னதா ஒரு இது இருக்கு மாப்ள" என்று வாங்கும்போதே சொன்னார். அந்த 'இது' எது என்று நான்தான் கேட்கவில்லை. 2012 மாடல். இத்தனை வருஷமும் அப்பளக் கட்டு சுமந்திருக்கிறது. சீட்டைத் திறந்தால் இப்போதும் பெருங்காய வாசம் வரும். மழையில் அப்பளத்துக்கு பாலித்தீன் போட்டு மூடுவாராம், வண்டி நனைந்துகொண்டே போகுமாம். இதை அக்கா பெருமையாகச் சொன்னாள்.

எங்கள் வீட்டில் கரண்டு சமாச்சாரம் என்றால் அப்பாதான் உயர்நீதிமன்றம். ஈ.பி.யில் 34 வருஷம். கம்பத்தில் ஏறிய காலத்தை விட்டுவிட்டு ரிட்டயர் ஆன பிறகும் அவர் கைவிடாத ஒரே வார்த்தை, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த்து. மிக்சி ஓடவில்லையா, எர்த்து சரியில்லை. டிவியில் புள்ளி விழுகிறதா, எர்த்து. சுத்தமல்லி பெரியப்பா மகனுக்கு நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்றபோது எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொல்ல, இவர் வெற்றிலையை மென்றபடி "அந்த வீட்டுல எர்த்தே கெடயாதுலே" என்றார். மீட்டர் பெட்டிக்குக் கீழே கரியும் உப்பும் போட்டு அவரே வெட்டிய எர்த் குழி இருக்கிறது. சித்திரை, வைகாசியில் தினமும் காலையில் அதற்கு ஒரு வாளித் தண்ணீர். குழி காய்ந்தால் எர்த்து பிடிக்காது என்பார். பக்கத்தில் இருக்கிற துளசிக்குக்கூட அந்த வாளியில் மிச்சம் இருந்தால்தான்.

ஆகையால் முதல் பல்பு முருகன்குறிச்சியில் போனதுமே வண்டியை அவர் முன்னால் நிறுத்தினேன். இன்ன பதில்தான் வரும் என்று தெரிந்தே நிறுத்தினேன். அவர் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து டயரை அமுக்கினார்.

"ஏல, இது ரப்பர்ல நிக்குதுல்லா? இதுக்கு ஏதுலே எர்த்து?"

வாழ்நாளில் முதல் தடவையாக அப்பா எர்த்து இல்லை என்று சொல்லிவிட்டார். நாங்களும் நம்பிவிட்டோம். "பன்னெண்டு வோல்ட்டெல்லாம் ஒரு கரண்டாலே, நாக்குல வச்சா புளிக்கக்கூட செய்யாது" என்று உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் ஆளுக்கு ஆள் எலக்ட்ரீஷியன். பாலிடெக்னிக்கில் படிக்கிற மூத்தவன் 350 ரூபாய்க்கு மல்டிமீட்டர் வரவழைத்தான். சிவப்பு முனை, கருப்பு முனை என்று இரண்டு நாள் குத்திப் பார்த்துவிட்டு, "பேட்டரி 12.6 காட்டுதுப்பா, நல்லாருக்கு. ஃபியூசும் நல்லாருக்கு" என்றான். எல்லாமே நல்லாயிருக்கிறது, லைட்டு மட்டும்தான் எரியவில்லை. அப்படியென்றால் நான் ஓட்டுவதில்தான் கோளாறு என்று முடிவுக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரி ஒரு படி மேலே போய், கண்ணு பட்டிருக்கிறது என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்து முன்னால் கட்டினாள். "வாங்கும்போதே சொன்னேன், கேட்டியளா?" என்றும் சொன்னாள். அவள் எப்போது சொன்னாள் என்பது எனக்கு இன்றுவரை ஞாபகம் வரவில்லை. புது வண்டியில் லைட்டு சுவிட்சே கிடையாதாம், 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்ததெல்லாம் சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணினால் தானாக எரியுமாம். அதை எதிர்வீட்டுக்காரர் தன் வண்டியை மத்தியானம் 12 மணிக்கு எரியவிட்டு எனக்குக் காட்டினார். அந்த வெயிலில் அந்த லைட்டைப் பார்த்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது.

ஒரு கடையில் கேட்டேன். வண்டியைத் தொடாமலே "ஒயரிங் கிட்டை மொத்தமா மாத்தணும், மூவாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார்கள். வண்டியின் விலையில் கால்வாசி. மரியாதையாகத் திரும்பி வந்துவிட்டேன்.

மூன்றாவது பல்பு போன கதையைத்தான் சொல்ல வேண்டும். தங்கச்சி அன்றைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் மெட்ராஸ் கிளம்புகிறாள். மாப்பிள்ளையின் ஆபீசில் ஐந்து பேருக்கு அல்வா வேண்டுமாம், அதுவும் இருட்டுக்கடை அல்வாதானாம். நானும் அப்பாவும் திருநெல்வேலி டவுனுக்குப் போனோம். கூட்டத்தில் அப்பா "ஈ.பி. ரிட்டயர்டு" என்று சொல்லி முன்னால் போகப் பார்த்தார். மங்கல் பல்பை நம்பியே பேர் வாங்கின கடையில் ஈ.பி.க்காரருக்கு என்ன மரியாதை கிடைக்கும்? வரிசையில்தான் நின்றோம். கை சுடச் சுடப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ரயில் போய்விடுமே என்று ஈரடுக்குப் பாலத்தில் திருகின திருகு ஜங்ஷன் வரைக்கும் விடவில்லை. தங்கச்சி கையில் அல்வாவைக் கொடுத்து ரயிலேற்றிவிட்டு, அப்பாவும் நானும் பாளையங்கோட்டைக்குத் திரும்பினோம். ஆற்றுப் பாலத்தில் பாதி வழியில் ஹெட்லைட்டு ஒரு தடவை வெள்ளையாகச் சிரித்தது. அவ்வளவுதான்.

1843-ல் சுலோச்சன முதலியார் கைக்காசைப் போட்டுக் கட்டிய பாலம் அது. அன்றைக்கு அதில் போன மாட்டு வண்டிக்குக் கீழேகூட ஒரு எண்ணெய் விளக்கு ஆடிக்கொண்டு போயிருக்கும். எனக்கு அதுவும் இல்லை. அப்பா பின்னால் உட்கார்ந்தபடியே தன் பட்டன் போனில் டார்ச்சைப் போட்டு என் தோளுக்கு மேல் நீட்டினார். "பைய போலே, நான் காட்டுதேன்." காட்டினார். பாதி நேரம் ரோட்டை, பாதி நேரம் என் காதை. எதிரே வந்த பஸ்காரர் டிம் பண்ணினார். அந்தப் பட்டன் போனுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த ஒரே மனுஷன்.

வண்ணார்பேட்டையில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். நான் வாயைத் திறக்கும் முன்னால் அப்பா இறங்கி, "சார், நான் ஈ.பி. ரிட்டயர்டு" என்றார். அவர் அப்பாவைப் பார்த்தார், டார்ச்சைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "அப்போ நீங்களே சரி பண்ணிருக்கலாம்லா?" என்றார். சிரித்து அனுப்பிவிட்டார். ஃபைன் போட்டிருந்தால்கூட அப்பா அவ்வளவு நொந்திருக்க மாட்டார். வீடு வரைக்கும் டார்ச்சை அணைக்கவும் இல்லை, பேசவும் இல்லை.

முந்தாநாள் மகாராஜநகர் பக்கம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். இருபத்தைந்து வயசு இருக்கும். அப்பா கூட வந்தார். பையன் மீட்டரை எடுக்கவே இல்லை. பிரேக்கை ஒரு தடவை அமுக்கச் சொல்லி, இண்டிகேட்டர் கண் விழிப்பதைப் பார்த்தான். ஒரு முழ ஒயரை எடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் செருகினான். மறுமுனையைப் பின்லைட்டுக்குப் போகிற பச்சை ஒயரில் தொட்டான். பின்லைட்டு சிவப்பாகப் பளிச்சென்று எரிந்தது, இண்டிகேட்டர் நாலும் கண்ணை மூடிக்கொண்டன. எடுத்தான், பழையபடி அழுதுவடிந்தது. மறுபடி தொட்டான், எரிந்தது.

"எர்த்து அண்ணாச்சி" என்றான்.

நான் அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

முன்பக்கம் ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கிற டூமைக் கழற்றினான். உள்ளே ஹார்னுக்கு மேல் இவள் கட்டிய எலுமிச்சம்பழத்தில் பாதி அழுகிக் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு ஒரு போல்ட்டைக் காட்டினான். பச்சை ஒயரெல்லாம் அங்கேதான் வந்து சேருகிறது. போல்ட்டு இருந்த இடத்தில் இருந்தது துருதான். கரண்டு அளவுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்கிற ரெகுலேட்டருக்கும் எர்த்து அதுதானாம். அது பிடிமானம் இல்லாமல் போனதும் காயிலில் இருந்து வருகிற கரண்டை அடக்க ஆளில்லை, திருகத் திருக ஏறிப் பல்பைக் குடித்திருக்கிறது. உப்புத்தாளை மடித்து, உலோகம் வெள்ளையாகத் தெரியும் வரைக்கும் தேய்த்தான். புது போல்ட்டு, வாஷர், மேலே கொஞ்சம் கிரீஸ். பல்போடு சேர்த்து 180 ரூபாய்.

அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. பணம் கொடுத்துக் கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, வண்டி ரப்பர்லல்லா நிக்கு?"

"மண்ணுக்குப் போற எர்த்து இல்ல தாத்தா. பேட்டரி மைனஸ பாடியில கொடுத்திருக்கும். இரும்பு பூராவும் திரும்பிப் போற வழிதான். அதத்தான் நாங்க எர்த்துங்கோம்."

"அப்போ அது நியூட்ரல்லா?"

"எதுவோ ஒண்ணு தாத்தா."

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டில் சொதியை இரண்டாம் தடவை கேட்கவில்லை, அம்மா பயந்துவிட்டாள். என்னிடம் வந்து, "ஊருல உள்ள எல்லாத்துக்கும் சொன்ன மனுஷன், இதுக்குப் போய்ச் சொல்லாம விட்டுட்டாங்களே" என்று யார் வீட்டிலோ எழவு விழுந்த மாதிரி சொன்னாள். மூத்தவன் சிரித்துவிட்டான். அவன் மல்டிமீட்டரை எடுத்து நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இன்றைக்குக் காலையில் பல் தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அப்பா எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி முடித்திருந்தார். வாளியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. துளசியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

வாயில் நுரையோடு ஓடினேன்.