சிறிய விமானம் ஏன் இவ்வளவு விலை?

நான்கு பேர் மட்டுமே அமரக்கூடிய ஒரு சிறிய விமானம், பல சொகுசு கார்களின் மொத்த விலைக்கு விற்கிறது. பறக்கும் ஆசை கொண்ட எனக்கு இது நெடுநாள் மனக்குறை.

உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம், அமெரிக்க நிறுவனமான செஸ்னாவின் நான்கு இருக்கை கொண்ட செஸ்னா 172. 1956-இல் விற்பனைக்கு வந்தது முதல் இதுவரை சுமார் 44,000 விமானங்கள்தான். டொயோட்டா கொரோலா கார்களோ 5 கோடியைத் தாண்டிவிட்டன. வடிவமைப்பு, சோதனை, அரசுச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. விமானத்திலோ ஒரு சிறு உதிரிபாகத்துக்குக்கூடச் சான்று வேண்டும். அதனால்தான் பல விமானங்களில் இன்னும் 1950களின் எஞ்சின் வடிவமைப்பே ஓடுகிறது. மாற்றுவது அவ்வளவு செலவு.

வழக்குகளும் சேர்ந்தன. அமெரிக்காவில் 1978-இல் 17,000-க்கும் மேற்பட்ட சிறு விமானங்கள் தயாராயின. ஆனால் பல பத்தாண்டு பழைய விமானம் விழுந்தாலும் தயாரிப்பாளர் மீது வழக்கு. காப்பீட்டுச் செலவு விலையில் ஏறியது. 1986-இல் செஸ்னா தன் பிஸ்டன் எஞ்சின் விமானங்களின் தயாரிப்பையே நிறுத்தியது. 18 ஆண்டுக்கு மேல் பழைய சிறு விமானங்களுக்காகத் தயாரிப்பாளர் மீது போடும் பெரும்பாலான வழக்குகளைத் தடுத்த சட்டம் 1994-இல் வந்த பிறகே மீண்டும் தொடங்கியது.

ஆனால் பழைய எண்ணிக்கை திரும்பவே இல்லை. குறைவாகச் செய்வதால் விலை ஏறுகிறது, விலை ஏறுவதால் வாங்குவோர் இன்னும் குறைகிறார்கள். பாதுகாப்பு விதிகளை நான் குறை சொல்லவில்லை. நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு ஓரளவு எட்டிய வானம் விலகிப்போனதுதான் வருத்தம்.