ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எழுதிப்போட்டு நிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு: போன் அப் செய்யப் பழகிறது எப்பிடி

கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் இருந்து கனபேர் இப்ப கேக்கிற கேள்வி ஒண்டுதான், அண்ணை நாங்களும் போனுக்கு அப் எழுதப் பழகோணும், எங்க தொடங்கிறது, லப்டொப் நல்லது வேணுமோ, கொழும்புக்குப் போய்த்தான் படிக்கோணுமோ எண்டு. தனித்தனியா பதில் எழுதி முடியேல்ல, அதால நான் பழகின வழியையும் பிறகு என்னட்டப் பழகின பிள்ளையளுக்குச் சரிவந்ததையும் சேர்த்து இதில எழுதுறன். நான் தமிழ் மீடியத்தில ஏஎல் ஐசிடி (கொம்பியூட்டர் பாடம்) செய்தனான், புதுக்குடியிருப்புக்கு அங்கால கிராமம், இப்ப ஆண்ட்ராய்ட் அப் எழுதிறதுதான் என்ர வேலை.

முதல் லப்டொப் கதை. அப் எழுதிற மென்பொருளான ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவுக்கு ஆகக்குறைஞ்சது 8 ஜீபி ரேம் எண்டு கூகிளே சொல்லுது, அதோட எமுலேட்டரும் (லப்டொப்புக்குள்ளயே ஓடுற பொய்ப் போன்) ஓடோணும் எண்டால் 16 இருந்தால்தான் நிம்மதி. உங்களிட்ட 8 இருந்தால் எமுலேட்டரை மறந்திடுங்கோ, கையில இருக்கிற போனையே யூஎஸ்பி வயரால குடுத்து அதிலயே ஓட விடுங்கோ. செட்டிங்ஸ்ல அபவுட் போனுக்குள்ள போய் பில்ட் நம்பரை 7 தரம் தட்டினால் டெவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும், அதில யூஎஸ்பி டிபக்கிங்கை ஒன் பண்ணினால் சரி. உண்மையான போன்ல ஓடுறதைப் பாத்துப் பழகிறதுதான் நல்லதும் கூட, ஏனெண்டால் பயன்படுத்தப் போற சனத்தின்ர கையில இருக்கிறதும் அப்பிடி ஒரு பழைய போன்தான்.

4 ஜீபி மட்டும்தான் இருக்கு எண்டால் ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவோட மல்லுக்கட்டாதேங்கோ, மனம் விட்டுப்போகும். எச்டிஎம்எல், சீஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் பழகி பிடபிள்யூஏ எண்டு சொல்லுற, அப் மாதிரி நடக்கிற வெப் பக்கம் செய்யலாம், அது குரோம்ல திறந்து ஹோம் ஸ்கிரீன்ல போட்டால் அப் மாதிரியே நிக்கும், பக்கத்தைப் போனிலயே சேமிச்சு வைக்கிற சேர்விஸ் வேர்க்கர் எண்ட கோட் எழுதினால் டேட்டா இல்லாட்டியும் திறக்கும். இதை ஆரும் குறைவா நினைக்க வேண்டாம், உதில பழகிற ஜாவாஸ்கிரிப்ட் பிறகு ஜாவாஸ்கிரிப்டால போன் அப் எழுதிற ரியாக்ட் நேட்டிவ் பக்கம் போகேக்க அப்பிடியே கைகுடுக்கும்.

ஐபோனுக்கு எழுத மக் கொம்பியூட்டர் வேணும், ஆப் ஸ்டோர்ல போட வருசா வருசம் 99 டொலர் கட்டோணும். இப்பத்தைக்கு அதை விட்டிடுங்கோ.

அடுத்தது டேட்டா. எங்கட பக்கம் இதுதான் பெரிய தடை, ஆனா ஒழுங்கு படுத்தினால் சமாளிக்கலாம். ஸ்டூடியோ, எஸ்டிகே எண்ட ஆண்ட்ராய்ட் கருவித் தொகுப்பு, முதல் புரொஜெக்ட் திறக்கேக்க கிரேடில் (கோடை அப் ஆக்கிற கருவி) இழுக்கிற லைப்ரரியள் (ஆயத்தமா எழுதி வைச்ச கோட்) எண்டு எல்லாம் சேர்ந்து பல ஜீபி போகும். நல்ல வைஃபை உள்ள இடத்தில, டவுனில இருக்கிற ஒரு கூட்டாளி வீட்டிலயோ படிக்கிற இடத்திலயோ ஒருக்கா இருந்து எல்லாத்தையும் இறக்குங்கோ, ஒரு வெறும் புரொஜெக்ட் செய்து ரூம் (தரவு சேமிக்க), நவிகேஷன் (ஸ்கிரீன் மாற), வேர்க்மனேஜர் (பின்னணியில வேலை செய்ய) எண்டு பிறகு தேவைப்படப் போற லைப்ரரியளையும் சேர்த்து ஒருக்கா பில்ட் பண்ணி வையுங்கோ, பேந்து வீட்ட வந்து கிரேடில் விண்டோல ஒஃப்லைன் மோட் எண்டதைப் போட்டால் ஒரு எம்பி கூடப் போகாமல் வேலை செய்யலாம். அப்டேட் வந்திருக்கு எண்டு மூலையில காட்டும், அதை அமத்தாதேங்கோ, ஒரு வெர்ஷன் மாறினாலே திரும்ப எல்லாத்தையும் இழுக்கத் தொடங்கும். டொகியூமெண்டேஷன் பக்கங்களையும் பிடிஎஃப் ஆக்கி வைச்சால் கரண்ட் இல்லாத நேரம் போன்ல வாசிக்கலாம்.

எந்த மொழி எண்டு கேட்டால் நான் கொட்லின் எண்டுதான் சொல்லுவன். 2017 ல கூகிள் அதை ஆண்ட்ராய்டுக்கு ஏத்துக்கொண்டது, 2019 ல இருந்து கொட்லினுக்குத்தான் முதலிடம் எண்டு சொல்லிப்போட்டாங்கள். ஸ்கிரீன் வரையிறதுக்கு ஜெட்பக் கம்போஸ், 2021 ல அதின்ர 1.0 வந்தது. யூடியூப்ல பழைய வீடியோக்கள் எக்ஸ்எம்எல்லும் ஜாவாவுமா கிடக்கும், அதையும் இதையும் கலந்து பாத்தால் ஒண்டும் விளங்காது. கூகிளின்ர ஆண்ட்ராய்ட் பேசிக்ஸ் வித் கம்போஸ் எண்ட கோர்ஸ் இலவசம், அதை மட்டும் பிடிச்சுக்கொண்டு போங்கோ. ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஒரே கோடில எழுதிற ஃபிளட்டர் கெட்டதெண்டு இல்லை, ஆனா ரெண்டையும் ஒரே நேரம் தொடுறவை ரெண்டிலயும் பாதியில நிக்கிறதைத்தான் நான் கண்டிருக்கிறன். ஏஎல்ல பைதன் செய்த பிள்ளையளுக்கு லூப், ஃபங்ஷன், லிஸ்ட் எல்லாம் ஏற்கனவே தெரியும்தானே, அதால பயப்பிட ஒண்டுமில்லை, புதுசா இருக்கிறது நல் சேஃப்டியும் (வெறுமையான மதிப்பால அப் நிக்காமல் பாக்கிறது) கிளாஸ் விசயங்களும்தான்.

இனித்தான் முக்கியமான பகுதிக்கு வாறன். கோர்ஸில சொல்லுற டைஸ் உருட்டுற அப், டிப் கணக்குப் பாக்கிற அப் எல்லாம் செய்யுங்கோ, ஆனா அதோட நிக்காமல் உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு உண்மையாத் தேவையான ஒண்டைச் செய்யத் தொடங்குங்கோ. எங்கட பெரியப்பா ரக்டர் வைச்சு காலபோகத்துக்கு உழவுக்குப் போறவர், ஆற்ற வயல், எத்தினை ஏக்கர், முதல் உழவோ ரெண்டாம் உழவோ, காசு தந்தாச்சோ இல்லை வெட்டினாப்பிறகு தாறதோ எண்டு எல்லாம் ஒரு கொப்பியில எழுதி வைச்சிருப்பார். அதைத்தான் நான் அப் ஆக்கினனான். சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனா அதுக்குள்ளதான் முழுப் பாடமும் கிடக்கு.

வயலுக்க சிக்னல் இல்லை. அப்ப தரவு முதல்ல போனுக்குள்ளயே சேரோணும், அதுக்கு ரூம் படிக்கோணும், ரூமுக்குக் கீழ இருக்கிறது எஸ்கியூலைட் எண்ட சின்ன டேட்டாபேஸ், ஏஎல்ல படிச்ச எஸ்கியூஎல் அங்க உதவும். அவர் பதிஞ்சுகொண்டு இருக்கேக்க கோல் வரும், போன் திரும்பும், எழுதினது காணாமல் போகும். ஸ்கிரீன் திரும்பினால் ஆண்ட்ராய்ட் அந்த அக்டிவிட்டியை (திறந்திருக்கிற ஸ்கிரீனை) அழிச்சுப்போட்டு புதுசா உருவாக்கும், அதால கம்போஸில மதிப்பை நினைவில வைக்கிற ரிமெம்பர் மட்டும் போட்டால் காணாது, திரும்பினாலும் வைச்சிருக்கிற ரிமெம்பர் சேவபிள் இல்லாட்டி வியூமொடல் வேணும். லைஃப்சைக்கிள் (அக்டிவிட்டி உருவாகி அழியிற வரைக்கும் நடக்கிறது) எண்டு புத்தகத்தில படம் போட்டு வைச்சிருக்கிறதை மனப்பாடம் செய்யிறதை விட, ஒரு மனிசன் "மோனை, நான் எழுதினது எங்க போட்டுது" எண்டு கேக்கேக்க ஒரே நாளில அது விளங்கும். காசைத் தசமத்தில, டபிள்ல வைக்கக் கூடாது, 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் சரியா 0.3 வராது, சதமாக்கி முழு எண்ணா லோங்ல வையுங்கோ. பெரியப்பாவின்ர போனிலயும் மகன்ர போனிலயும் ஒரே நேரம் பதிஞ்சால் 15 ஆம் நம்பர்ப் பதிவு ரெண்டு வந்து நிக்கும், அதுக்கு 1, 2, 3 எண்டு நம்பர் குடுக்காமல் யூயூஐடி எண்ட, வேற எதோடயும் ஒத்துவராத நீள அடையாளம் குடுக்கோணும், பிறகு றோட்டுக்கு வந்து சிக்னல் கிடைச்ச உடன சேர்வருக்கு அனுப்பிற வேலையை வேர்க்மனேஜரிட்ட விடலாம், நெட்வேர்க் இருந்தால் மட்டும் ஓடு எண்டு அதுக்குக் கட்டுப்பாடு போடலாம். வெயிலுக்க தெரியிற மாதிரி வெள்ளையில கறுப்பு எழுத்து, பெரிய பட்டன். தமிழ்ச் சொல்லுகள் நீளம், பட்டனுக்கு அகலத்தை அடிச்சு வைச்சால் எழுத்து வெட்டுப்படும். மினிமம் எஸ்டிகே (அப் ஓடக்கூடிய ஆகப் பழைய ஆண்ட்ராய்ட் அளவு) 24 எண்டு வைச்சால் ஆண்ட்ராய்ட் 7 உள்ள போனிலயும் ஓடும்.

நேர்முகத்துக்குப் போகேக்க என்னட்டக் கேட்டதெல்லாம் இதுகள்தான். நெட் இல்லாட்டி உன்ர அப் என்ன செய்யும், ரெண்டு பேர் ஒரே பதிவை மாத்தினால் என்ன நடக்கும் எண்டு கேட்டவை. எப்பவும் வைஃபைக்க இருந்து பழகினவைக்கு இந்தக் கேள்வி யோசிச்சுத்தான் பதில் வரும், எங்களுக்கு அது வீட்டு நிலைமை. ஆனபடியால் வன்னியில இருந்து பழகிறதை ஒரு குறையா எடுக்காதேங்கோ, இதை நான் ஆறுதலுக்குச் சொல்லேல்ல.

இங்கிலிஸ் கதைக்கத் தெரியாட்டிலும் பரவாயில்லை, எரர் வாசிக்கத் தெரியோணும். அப் நிண்டால் ஸ்டூடியோவில பிழை காட்டுற லொக்கட்ல சிவப்பில நூறு வரி வரும், எல்லாத்தையும் வாசிக்க வேண்டாம், "கோஸ்ட் பை" எண்டு தொடங்கிற கடைசி வரியைத் தேடுங்கோ, அதுக்குக் கீழ உங்கட பக்கேஜ் பேர் உள்ள வரியைப் பாருங்கோ, எந்த ஃபைலில எத்தினையாம் வரி எண்டு அதில இருக்கும். ஏஐயிட்டக் கேக்கிறதும் சரி, ஆனா முதல்ல நீங்கள் வாசிச்சு இதுதான் காரணம் எண்டு ஒண்டை நினைச்சுப்போட்டுக் கேளுங்கோ, இல்லாட்டி கை பழகாது.

ஒழுங்கா இருந்து படிக்கோணும் எண்டால் கிளிநொச்சி அறிவியல் நகரில ஜேர்மன் டெக் (இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம்) இருக்கு, அங்க என்விகியூ எண்ட தேசிய தொழிற்தகைமை முறையில ஐசிடி படிக்கலாம், அதே அறிவியல் நகரில யாழ் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடமும் இருக்கு, 2021 ல இருந்து வவுனியாப் பல்கலைக்கழகம் தனியா இயங்குது. மொரட்டுவப் பல்கலைக்கழகம் ஒன்லைனில குடுக்கிற ஃபுல் ஸ்டாக் டெவலப்பர் கோர்ஸும் இலவசம். கம்பஸ் கிடைக்கும் வரைக்கும் இருக்கிற நீண்ட இடைவெளிதான் இதுக்கெல்லாம் நல்ல நேரம்.

பிளே ஸ்டோர்ல போட 25 டொலர், ஒருக்காக் கட்டினால் போதும், வெளிநாட்டுக் கொடுப்பனவு ஏற்கிற காட் வேணும். 2023 நவம்பருக்குப் பிறகு திறக்கிற தனிநபர் கணக்கு எண்டால் 12 பேர் 14 நாள் தொடர்ந்து டெஸ்டிங்கில இருக்கோணும், கூடப் படிச்ச பிள்ளையளை வட்ஸ்அப் குரூப்ல சேர்த்தால் அது ஏலும். அதுவரைக்கும் ஏபிகேயை, அதாவது அப் ஃபைலை, நேர அனுப்பி போடப் பண்ணலாம். ஆனா அப் உங்கடதான் எண்டு சைன் பண்ணுற கீ உள்ள கீஸ்டோர் ஃபைலையும் அதின்ர பாஸ்வேர்டையும் லப்டொப்ல மட்டும் வைக்காதேங்கோ, பென் டிரைவ்ல ஒண்டு, கூகிள் டிரைவ்ல ஒண்டு எண்டு வையுங்கோ. நேர அனுப்பின ஏபிகேக்கு அந்தக் கீ துலைஞ்சால் பழைய அப்புக்கு மேல புது வெர்ஷன் ஏறாது, பெரியப்பா பழசை அழிச்சுப்போட்டுத்தான் புதுசு போடோணும், பழசை அழிச்சால் போனுக்குள்ள மட்டும் இருக்கிற அவற்ற ஒரு போகக் கணக்கும் அதோட போயிடும்.