பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகத்துல குர்ஆன் ஓத ஆரம்பிக்கலாம்?

மதுரை காஜிமார் பள்ளிவாசல்ல ஜும்ஆ தொழுகை முடிஞ்சு பலரும் கேட்கிறதால இங்கேயே எழுதிடுறேன்.

முதல்ல நூரானி காயிதாதான், அரபி வாசிக்கச் சொல்லித் தர்ற அரிச்சுவடி. தனி எழுத்து, அது சேரும்போது உரு மாறுறது, அப்புறம் ஸபர், ஸேர், பேஷ்ங்கிற அ, இ, உ ஒலிக்கான குறிகள். அது முடியாம யாஸீன் சூராவுக்கு (குர்ஆன் அத்தியாயம்) தாவ வேண்டாம்.

தமிழ் எழுத்துல சூரா அச்சடிச்ச புத்தகத்தைச் சின்னப் பிள்ளை கையில கொடுக்காதீங்க, கெஞ்சிக் கேட்கிறேன். ஸே, ஸீன், ஸாத்னு வேற வேற ஒலியுள்ள அரபி எழுத்து மூணும் ஒரே 'ஸ' ஆயிடும். நாக்கு எங்க படணும்னு ஓதிக் கொடுக்கிற அஸரத் வாயைப் பார்த்துத்தான் வரும்.

ஆனா ஈமானை, அதாவது இறைநம்பிக்கையை, தமிழ்லயே சொல்லிக் கொடுங்க. குர்ஆன்ல பேர் வர்ற 25 நபிமார்கள் வரலாறு போதும், வருஷக்கணக்கா சொல்லலாம். யூனுஸ் நபி மீன் வயித்துக்குள்ள கேட்ட துஆவை (பிரார்த்தனையை) சொன்னப்ப, "அத்தா, அவ்ளோ உள்ளேயிருந்து அல்லாஹ்வுக்குக் கேட்டுச்சா?"ன்னா என் மக. மனப்பாடத்துல இந்தக் கேள்வி வராது.

நம்ம நன்னிமார் (பாட்டிமார்) பலரும் அரபுத்தமிழ்லதான் மார்க்கம் படிச்சாங்க. அரபி எழுத்து, தமிழ்ப் பேச்சு. அரபியில இல்லாத ஒலிக்குப் புள்ளி கூட்டி எழுத்துச் செஞ்சிருந்தாங்க. நெல்பேட்டை, கோரிப்பாளையம் பக்கம் பழைய பெட்டியில அந்தக் கிதாபு (புத்தகம்) இருந்தா கரையானுக்கு விடாதீங்க. சொல்லுங்க, வந்து ஸ்கேன் எடுத்துட்டுத் திருப்பித் தர்றேன், இன்ஷா அல்லாஹ்.