ரெமிங்டன் 700 குழலைக் கழற்றுவது: பிடிதான் வேலை

வீட்டு ஷெட்டில் ரைஃபிள் குழல் மாற்ற இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கழலவில்லை என்றதும் ரெஞ்ச் கைப்பிடியில் இன்னும் நீளமாக ஒரு பைப்பைச் சொருகுவார்கள். ரெஞ்ச் திரும்பும், ரிசீவர் (குழல் மரையோடு பூட்டப்படும் துப்பாக்கியின் உடல்) திரும்பும், கூடவே குழலும் வைஸுக்குள் திரும்பும். மரை மட்டும் அசைந்திருக்காது. நெம்பு போதாமல் இல்லை, பிடி போதவில்லை.

இங்கே பேசுவது அமெரிக்காவில் செய்யும் வேலை. துப்பாக்கி ரெமிங்டன் 700 ரைஃபிள், தோட்டா ரகம் .308 வின்செஸ்டர். தொழிற்சாலைக் குழலை எடுத்துவிட்டு, ரிசீவரில் இறுக்கும் நட்டோடு வரும் ஆயத்தக் குட்டைக் குழலைப் போடுவது. குழல் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் அது கூட்டரசிடம் பதிவு செய்ய வேண்டிய துப்பாக்கி. ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டரசுத் துறை) படிவம் 1, விரல்ரேகை அட்டை இரண்டு, புகைப்படம், உள்ளூர்க் காவல் தலைமைக்கு ஒரு நகல். 200 டாலராக இருந்த வரி 2026 ஜனவரி 1 முதல் இந்த வகைக்குப் பூஜ்யம். போனது வரி மட்டும்தான், ஒப்புதல் வாங்கும் கட்டாயம் அப்படியே இருக்கிறது. ஒப்புதல் வரும்வரை குட்டைக் குழலை வாங்கி வைக்கவும் வேண்டாம். பூட்டாவிட்டாலும் ரைஃபிளும் குட்டைக் குழலும் ஒரே வீட்டில் இருப்பதே வழக்காகலாம். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சியில் இந்த வழியே அடைப்பு. இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 6 உரிமமில்லாமல் குழலைக் குட்டையாக்குவதைத் தடுக்கிறது. ஊரில் இருப்பவர்கள் படித்ததோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி வேலை. தோட்டா எதுவும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. போல்ட்டை (தோட்டாவைத் தள்ளிப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டு) உருவி, சேம்பரை (தோட்டா உட்காரும் குழலின் பின்முனை) கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தடவிப் பாருங்கள். பிறகு ஸ்கோப், அதன் அடித்தளம், ஸ்டாக், டிரிகர் எல்லாம் கழன்று வர வேண்டும். டிரிகரை விட்டுவைத்தால் ஊடுருவு எண்ணெய் அதற்குள் இறங்கிப் பிசுபிசுப்பாகும். எண்ணெயை மரை சேரும் இடத்தில், ரெக்காயில் லக்கின் (குழலுக்கும் ரிசீவருக்கும் நடுவே மாட்டியிருக்கும் தகடு) இரு பக்கமும் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள்.

மறுநாள் குழலின் வெளிப்புறத்தை அசிட்டோன் போட்டுத் துடைக்க வேண்டும். முதல் நாள் விட்ட எண்ணெய் வழிந்து வைஸ் பிடிக்கும் இடத்துக்கு வந்திருக்கும், பலருக்கும் குழல் வழுக்குவது அதனால்தான். வைஸின் புஷ்ஷிங் (குழலைச் சுற்றிக் கவ்வும் உறை) அலுமினியமோ கெட்டி மரமோ, குழலின் சரிவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 700-இன் குழல் ரிசீவரை விட்டு விலக விலக மெலிகிறது. நேர்த்துளை போட்ட புஷ்ஷிங் ஒரு விளிம்பில் மட்டும் கடிக்கும். புஷ்ஷிங்கின் உள்ளே ரோசின் தூள் தூவுங்கள். வயலின் வில்லுக்குப் போடும் அதே சரக்குதான், நுணுக்கினால் போதும். பிடிப்பதும் ரெக்காயில் லக்கை ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும். தள்ளிப் பிடித்தால் நீங்கள் போடும் விசையில் ஒரு பங்கு குழலை முறுக்குவதிலேயே போய்விடும். வைஸின் போல்ட்டுகளை மாற்றி மாற்றி, இரு பக்கமும் இடைவெளி சமமாக வரும்படி முடுக்குங்கள். இடைவெளியே இல்லாமல் வைஸின் கட்டைகள் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் அதற்கு மேல் முடுக்கி என்ன பயன்? பிடி ஏறாது.

ரெஞ்ச் விஷயத்தில் எங்கள் பரிந்துரை வெளியே கவ்வும் ரகம், அதுவும் ரிசீவரின் முன் வளையத்தில். பின்னாலிருந்து உள்ளே நுழையும் ரெஞ்ச் கைக்கு வசதி, ஒருமுறை கழற்றிப் போட்ட குழலுக்கு அது போதும். முதன்முறை கழலும் தொழிற்சாலைக் குழலுக்கு அதைப் போட்டால் விசை முழுவதும் ரிசீவரின் நடுப்பகுதி வழியாகப் போகிறது. அங்கே சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறும் வாயும் மேகசின் துளையும் திறந்து கிடக்கின்றன. ரிசீவர் முறுக்கிக்கொண்டால் நிமிர்த்த முடியாது.

குழலிலும் லக்கிலும் ரிசீவரிலும் சேர்த்து ஒரே நேர்கோடாக மார்க்கரால் இழுத்துவிடுங்கள். மரை 1-1/16 அங்குலம், அங்குலத்துக்கு 16 சுற்று, வலக்கை மரை. குழல் வைஸில் நிற்க, ரிசீவரைப் பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கமாகத் திரும்ப வேண்டும். கைப்பிடியில் மெல்லத் தொங்காமல் ஒரே வெட்டாகத் தள்ளினால்தான் விடும். 'டக்' என்று சத்தம் வந்ததும் நிறுத்தி அந்தக் கோட்டைப் பாருங்கள். ரிசீவர்க் கோடு குழலின் கோட்டை விட்டு விலகியிருந்தால் முடிந்தது, இனிக் கையாலேயே வரும். மூன்று கோடும் நேராகவே இருந்தால் வழுக்கியது வைஸில். கழற்றிப் பார்த்தால் ரோசின் கருகிய மணமும் புஷ்ஷிங்கில் பழுப்புப் பூச்சும் இருக்கும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. அடம் பிடித்தால் ஹீட் கன்னால் முன் வளையத்தைச் சுடவையுங்கள். டார்ச்சின் நெருப்பு மட்டும் வேண்டாம். ரிசீவரின் கடினப்பதம் போய்விடும். பழைய குழல் எப்படியும் பழைய இரும்புக்குத்தான் என்றால் லேத் வைத்திருப்பவரிடம் கொடுத்து லக்கிற்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம் வெட்டச் சொல்லலாம். லக்கில் முட்டும் குழலின் தோள்பட்டை இறுக்கம் தளர்ந்து சாதாரணமாகக் கழன்றுவிடும்.

ரிசீவர் வெறுமையாக இருக்கும் இந்த நேரமே பொறிப்புக்கும் தோது. சட்டப்படி துப்பாக்கியை 'உருவாக்கியவர்' இப்போது நீங்கள். பெயர், ஊர், மாநிலம் குறைந்தது 0.003 அங்குல ஆழத்தில் பொறித்திருக்க வேண்டும். குழலில் பொறிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் குழல் தேய்ந்து மாறும் பண்டம். ரிசீவரில் பொறியுங்கள்.

புதுக் குழலைப் பூட்டும்போது மரையில் ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பசை) தடவுங்கள். போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின்னையும் எஜெக்டரையும் எடுத்துவிட வேண்டும். எஜெக்டரின் ஸ்பிரிங், கேஜை (சேம்பரின் ஆழத்தைச் சோதிக்கும் தோட்டா வடிவ அளவுக் கட்டை) தள்ளிக்கொண்டே இருந்தால் கைக்கு உண்மை தெரியாது. .308-க்கு 'கோ' கேஜ் 1.630 அங்குலம், 'நோ-கோ' 1.634. கோ கேஜைச் சேம்பரில் வைத்து போல்ட்டை மூடி, குழலை அது முட்டும்வரை திருகி, லக் நேர்கீழே இருக்கப் பிடித்துக்கொண்டு நட்டை முடுக்குங்கள். எவ்வளவு என்பதை நட் செய்தவரின் தாளில் பாருங்கள். நட் இறுகும்போது மரையின் தளர்வு இழுபட்டு அளவு அங்குலத்தின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நகரும், அதனால் முடுக்கிய பிறகு மறுபடி கேஜ் போட வேண்டும். கோ மேல் போல்ட் வலிக்காமல் மூட வேண்டும், நோ-கோ மேல் மூடவே கூடாது. நோ-கோ மேல் மூடினால் அந்தத் துப்பாக்கியில் சுடக் கூடாது, நட்டைத் தளர்த்தித் திரும்ப வையுங்கள்.

கடைசியில் நட்டிலிருந்து குழல்வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. முதல் 20 தோட்டா சுட்ட பிறகு அந்தக் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேஜை இன்னொரு முறை போடுங்கள்.